வட கனடாவின் சுரங்கங்களும் பூர்வகுடி வேலைகளும்: ஊர் மன்றம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கனடாவின் வடபுலத்தில் புதிதாகச் சுரங்கம் தோண்ட வரும் நிறுவனம், அந்த மண்ணுக்குரிய மக்களோடு உடன்பாடு செய்துகொள்ளாமல் வேலையைத் தொடங்குவது இன்று அரிது. இனுவிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நூனவுட் பிரதேசத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. இனுவிட் மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே 1993-ல் முடிந்த நில உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு, தாக்கத்துக்கும் பலனுக்குமான ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும் வரை எந்தப் பெரிய திட்டமும் தொடங்கக் கூடாது என்கிறது. இந்த ஒப்பந்தங்களில் காரிபு மான்களைப் பற்றி இருக்கும், தண்ணீரைப் பற்றி இருக்கும், ரொக்கத்தைப் பற்றி இருக்கும். வேலைவாய்ப்பு பற்றி ஒரு முழு அத்தியாயம் நிச்சயம் இருக்கும்.

அந்த அத்தியாயத்தில் எதைக் கேட்டு வாங்குவது என்பதுதான் இங்கே கேள்வி. ஓர் ஊர் மன்றத்திடமோ பூர்வகுடி அரசிடமோ பேரம் பேசும் பலம் அளவாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்கலாம், எல்லாம் கிடைக்காது. கேள்விக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. வடமேற்குப் பிரதேசங்களின் பொருளாதாரத்தைக் கால் நூற்றாண்டு தாங்கியவை வைரச் சுரங்கங்கள். 1991-ல் லாக் டி கிரா ஏரிப் பக்கம் வைரம் இருப்பது தெரியவந்தது. 1998-ல் எகாட்டி, 2003-ல் டயாவிக், 2008-ல் ஸ்னாப் லேக், 2016-ல் கச்சோ குவே என்று வரிசையாகத் திறந்தன. ஸ்னாப் லேக் 2015-லேயே மூடப்பட்டுவிட்டது. டயாவிக்கின் உற்பத்திக்கு அதன் உரிமையாளரான ரியோ டின்டோ குறித்த கடைசி ஆண்டு 2026. அடுத்த சுற்று தங்கம், அரிய மண் தனிமங்கள், லித்தியம் என்று வருகிறது. புதிய ஒப்பந்தங்கள் எழுதப்படும். பழையவற்றிலிருந்து எதை அப்படியே எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

என் அளவுகோல் ஒன்றே ஒன்று: சுரங்கம் மூடும் நாளில், அங்கே வேலை பார்த்த உள்ளூர்க்காரர் கையில் வேறு இடத்தில் செல்லுபடியாகும் எது இருக்கிறது? வைரமும் நிக்கலும் தீர்ந்துபோகும் என்பதை முதல் நாளே எல்லோரும் அறிவார்கள். ஆகவே இந்தக் கேள்வியைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

சதவீதத்தை எழுதி வாங்குவது

மிகப் பழைய வழி, இன்றும் எல்லோரும் முதலில் கேட்பது: "வேலையாட்களில் இத்தனை சதவீதம் எங்கள் மக்கள்." பத்திரிகைச் செய்திக்குத் தலைப்பாகும், ஊர்க்கூட்டத்தில் சொல்வதற்கும் சுலபம்.

இதன் வரலாறு அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. பாஃபின் தீவின் வடக்கில் நானிசிவிக் ஈய–துத்தநாகச் சுரங்கம் 1976 முதல் 2002 வரை ஓடியது. கனடா அரசே அதில் பங்குதாரர். வடபுலத்தார், அதாவது வடக்கில் குடியிருப்பவர்கள், 60 சதவீதம் வேலையில் இருக்க வேண்டும் என்பது அரசோடு நிறுவனம் செய்த ஒப்பந்தத்தின் இலக்கு. கால் நூற்றாண்டில் ஒருமுறைகூட அதை எட்டவில்லை. சுரங்கத்துக்காகக் கட்டிய ஊரும் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. அதே தீவில் இன்று இயங்கும் மேரி ரிவர் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கு, 2013-ல் கிக்கிக்தானி இனுவிட் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி இலக்கு 25 சதவீதம். அங்கும் உண்மை நிலவரம் இலக்குக்குக் கீழேதான் கிடந்து உழன்றது. டயாவிக்கில் மூன்றில் இரண்டு பங்கு வடபுலத்தாராக இருப்பார்கள் என்பது வாக்குறுதி. தொடக்க ஆண்டுகளில் அதற்கு அருகில் போய், பிறகு சரிந்தது.

இதில் நிறுவனங்களின் சூழ்ச்சியை மட்டும் தேடினால் விஷயம் பிடிபடாது. சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றும் விமானம் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபிலிருந்தும் கிளம்புகிறது, ஆல்பர்ட்டாவின் எட்மன்டனிலிருந்தும் கிளம்புகிறது. யெல்லோநைஃபில் வீட்டு வாடகையும் மின்கட்டணமும் மளிகையும் எரிக்கிற விலை. அதே சம்பளத்தோடு எட்மன்டனில் வீடு வாங்கிக் குடியேறிவிடலாம், வேலைக்கு எந்தச் சேதமும் இல்லை. நன்றாகத் தேறிய வடபுலத் தொழிலாளி ஒருவர் இப்படித் தெற்கே நகர்ந்தால், யாரும் வேலையை இழக்காமலேயே 'வடபுலத்தார்' கணக்கில் ஒருவர் குறைகிறார். வரியும் செலவும்கூட அவரோடு தெற்கே போய்விடுகின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல், சதவீதம் படிநிலையைக் காட்டாது என்பது. சமையலறையில் பாத்திரம் கழுவுபவரும் தலைமைப் பொறியாளரும் கணக்கில் ஒன்றுதான். வடபுலச் சுரங்கங்களில் பூர்வகுடித் தொழிலாளர்கள் கீழ்ப்படிகளில்தான் குவிந்திருக்கிறார்கள்: முகாம் துப்புரவு, சமையல், டம்பர் (பாறையும் தாதும் சுமக்கும் ராட்சத லாரி) ஓட்டுதல். பெண்கள் பெரும்பாலும் முகாம் பராமரிப்பில். இலக்கை எட்ட நிறுவனத்துக்கு எளிதான வழியும் அந்தப் படிகளை நிரப்புவதே.

ஆனாலும் இலக்கை முற்றாக விட்டுவிடச் சொல்லமாட்டேன். எண் இருப்பதால்தான் ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது, கேள்வி கேட்கவும் இடம் கிடைக்கிறது. எதை எண்ணுவது என்பதை மட்டும் மாற்ற வேண்டும்.

முன்கூட்டிப் பயிற்சி

சுரங்கம் திறக்குமுன்னே ஆட்களைத் தயார் செய்வது இரண்டாவது வழி. வடமேற்குப் பிரதேசங்களில் 2004-ல் தொடங்கிய சுரங்கப் பயிற்சிச் சங்கம் இதற்கு நல்ல உதாரணம். பூர்வகுடி அரசுகளும் பிரதேச அரசும் சுரங்க நிறுவனங்களும் சேர்ந்து நடத்தியது, மத்திய அரசின் திட்டப் பணம் பின்னால் இருந்தது. டயாவிக் திறந்த குழியிலிருந்து நிலத்தடிக்கு மாறவிருந்த காலத்தில், நிலத்தடித் தொழிலாளர்களைத் தயார் செய்யும் வகுப்புகளை அரோரா கல்லூரியோடு சேர்ந்து இச்சங்கம் நடத்தியது. லாப்ரடாரில் வாய்சீஸ் பே நிக்கல் சுரங்கத்தின் கதையும் இதுதான். இன்னு என்ற பூர்வகுடியினரின் இன்னு தேசத்தோடும் லாப்ரடார் இனுவிட் சங்கத்தோடும் 2002-ல் ஒப்பந்தங்கள் ஆயின. 2005-ல் உற்பத்தி தொடங்கியது. நடுவில் இருந்த ஆண்டுகளில் ஒரு கூட்டுப் பயிற்சி ஆணையம் ஊர் ஊராக ஆள் எடுத்துப் பயிற்றுவித்தது. அந்தச் சுரங்கத்தில் பூர்வகுடித் தொழிலாளர்கள் ஏறத்தாழப் பாதியளவு இருந்தார்கள் என்பது வடபுலத்தில் சாதாரண விஷயமல்ல. பயிற்சி மட்டும் காரணமல்ல, உண்மைதான். 1997-ல் சுரங்கத்துக்கான சாலையையும் விமான ஓடுதளத்தையும் நீதிமன்றம் போய்த் தடுத்து நிறுத்தியவர்கள் அந்த மக்கள். அந்த எதிர்ப்பின் பலம் பேரத்தில் தெரிந்தது.

இந்த வழியின் அடிப்படைத் தடை பள்ளிக்கூடம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்கள் வடபுலச் சிற்றூர்களில் ஏராளம். எலக்ட்ரீஷியனாகவோ கனரக வாகன மெக்கானிக்காகவோ பழகச் சேர வேண்டுமானால் கணக்கில் ஒரு நுழைவுத் தேர்வைத் தாண்ட வேண்டும். வெல்டிங் சொல்லித்தருவதைவிட, முப்பது வயதில் பின்னத்தையும் விகிதத்தையும் மறுபடி கற்றுத்தருவதுதான் பயிற்சி மையங்களின் உண்மையான உழைப்பு. அதற்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆறு வார வகுப்பு இதைச் செய்யாது.

திட்டப் பணம் என்பதும் இன்னொரு நோய். மூன்று ஆண்டுக்கு ஒதுக்கீடு, பிறகு புதுப் பெயரில் புதுத் திட்டம், புது விண்ணப்பம். 2003-ல் வந்த மத்தியத் திட்டம் ஒன்று போய், வேறொன்று வந்து, 2019-ல் மற்றொன்று வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஊரில் இருந்த பயிற்றுநர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறார். உலோக விலை விழுந்து திட்டம் தள்ளிப்போனால், பயிற்சி முடித்தவர்கள் சான்றிதழோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தச் சான்றிதழும் பல சமயம் 'அறிமுக வகுப்பு முடித்தார்' என்ற அளவில் நிற்கும். அதைப் பார்த்து அடுத்த சுரங்கம் யாரையும் எடுத்துவிடாது.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், பணத்தை வகுப்புகளில் கரைப்பதைவிட நிலையான ஒரு இடத்தில் போடுவது மேல். ராங்கின் இன்லெட்டில் நூனவுட் ஆர்க்டிக் கல்லூரி 2010-ல் திறந்த தொழிற்பயிற்சி மையம் அப்படிப்பட்டது. சுரங்கம் போனாலும் ஊருக்குத் தச்சரும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் தேவை. நூனவுட்டின் வீட்டுப் பற்றாக்குறையைப் பார்த்தால், தாதுவே இல்லாவிட்டாலும் அந்த மையத்துக்கு வேலை தீராது.

சுரங்கத்துக்குள்ளேயே கற்பது

நூனவிக்கில், கியூபெக்கின் வடகோடியில், ராக்லன் நிக்கல் சுரங்கம் இருக்கிறது. அங்குள்ள இனுவிட்டின் மாக்கிவிக் நிறுவனத்தோடும் சல்லுயிட், கங்கிக்சுஜுவாக் ஆகிய இரண்டு ஊர்களோடும் 1995-ல் ஒப்பந்தமாயிற்று. லாபத்தில் பங்கு உண்டு, வேலை முன்னுரிமையும் உண்டு. முன்னுரிமை இருந்தும் சேர்ந்தவர்கள் நிலைக்கவில்லை. வருவார்கள், சில மாதங்களில் போய்விடுவார்கள். 2008-ல் நிறுவனம் தாமாட்டுமானி என்ற திட்டத்தைத் தொடங்கியது. இனுவிட் ஊழியரைப் பயிற்சியாளராகச் சேர்த்து, சம்பளம் கொடுத்து, அனுபவசாலி ஒருவரோடு இணைத்து, இயந்திரத்தின் மேலேயே கற்றுக்கொடுப்பது அதன் சாரம். எகாட்டியில் சுரங்க முகாமிலேயே வகுப்பறை வைத்து, ஷிப்ட் முடிந்தவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தந்தார்கள். பேக்கர் லேக் ஊருக்கு வடக்கே 2010-ல் உற்பத்தி தொடங்கிய மெடோபேங்க் தங்கச் சுரங்கத்தில், டம்பர் ஓட்டப் பழகுபவர்களை முதலில் சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள்.

கையில் சம்பளம் வருகிறது, கற்பதற்கு அர்த்தம் கண்ணெதிரே தெரிகிறது. இந்த இரண்டும் வகுப்பறைப் பயிற்சியில் இல்லை. இந்த வழிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவது அதனால்தான். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, டம்பர். கற்றுக்கொள்ள வாரங்கள் போதும், சம்பளம் நல்ல சம்பளம், நிறுவனத்தின் கணக்கிலும் ஒரு பூர்வகுடி ஊழியர் கூடிவிடுவார். பத்து வருடம் கழித்தும் அவர் டம்பர்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 2008 முதலே ஓட்டுநரில்லா டம்பர்கள் ஓடுகின்றன. வாய்சீஸ் பே இப்போது நிலத்தடிச் சுரங்கமாகிவிட்டது, அந்த விரிவாக்கம் 2024 கடைசியில் முடிந்தது. திறந்த குழியில் கற்ற திறன் நிலத்தடியில் அப்படியே செல்லாது.

தாண்டிப் போக வழி, தொழிற்பழகுநர் முறை. கனடாவில் ஒரு மாகாணத்தில் வாங்கிய தொழில் தகுதி மற்ற மாகாணங்களிலும் செல்லுவதற்கு 'ரெட் சீல்' முத்திரை இருக்கிறது. அந்த முத்திரை பெற்ற மெக்கானிக் எந்தச் சுரங்கத்திலும், எந்தப் பட்டறையிலும், தன் ஊர் மின் நிலையத்திலும் வேலை கேட்கலாம். ஆனால் நான்கு ஆண்டு வரை பிடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் சில வாரங்கள் கல்லூரி வகுப்பு, பெரும்பாலும் தெற்கே, குடும்பத்தை விட்டு. மேற்பார்வைக்குத் தகுதி பெற்ற கைவினைஞர் அருகில் இருந்தாக வேண்டும். அவருடைய நேரம் நிறுவனத்துக்குப் பணம். தெற்கிலிருந்து ஏற்கெனவே முத்திரை வாங்கியவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தால் நாளைக்கே வேலை நடக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் கட்டாயப்படுத்தாமல் இது தானாக நடக்காது. 'ஆண்டுக்கு இத்தனை பழகுநர் இடங்கள், அதில் இத்தனை பேர் முத்திரை வாங்கும் வரை நிறுவனம் பொறுப்பு' என்ற வாசகம், வெறும் 25 சதவீதத்தைவிட ஊருக்குப் பத்து மடங்கு பயன் தரும் என்பது என் கணிப்பு.

ஆட்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அவர்களுக்கு வேலைப் பழக்கம் இல்லை' என்ற பேச்சு முகாம்களில் சர்வ சாதாரணம். உண்மை வேறு. நூனவுட்டில் பெரும்பாலான இனுவிட் குடும்பங்கள் அரசு வீடுகளில் இருக்கின்றன, வாடகை வருமானத்தைப் பொறுத்தது. சுரங்க வேலை கிடைத்தால் வாடகை ஏறும், வேலை போனால் உடனே இறங்கிவிடாது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும்போது, சம்பாதிப்பவர் மேல் விழும் பாரம் சொல்லி மாளாது. முகாமில் இனவெறிப் பேச்சும் உண்டு. பெண்களுக்கு அதைவிட மோசம். காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய தேசிய விசாரணை 2019-ல் அளித்த இறுதி அறிக்கை, கனிமத் தொழில்துறைக்கென்றே தனியாகக் கோரிக்கைகளை வைத்தது. அறைக் கதவுக்குச் சரியான பூட்டும், மேலாளரைத் தாண்டிப் புகார் சொல்ல வெளியாள் ஒருவரும் இல்லாத முகாமில், பெண்களுக்கான பயிற்சித் திட்டம் என்று ஒன்றை அறிவிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, ஊர்களுக்கு நோய் போகாதிருக்க மெடோபேங்க், மெலியாடின் சுரங்கங்களின் நூனவுட் ஊழியர்களை நிறுவனம் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. நல்ல முடிவுதான். ஆனால் ஓராண்டுக்கும் மேல் இழுத்தது. தெற்கத்தி ஆட்களை வைத்துச் சுரங்கம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பழகுநராக இருந்தவர்களுக்கு அது படிப்பு அறுந்துபோன காலம்.

சொந்தக் கம்பெனி, சொந்தக் கான்ட்ராக்ட்

நான்காவது வழி, வேலை கேட்பதை விட்டு வேலையையே ஒப்பந்தமாக எடுப்பது. யெல்லோநைஃப் பக்கத்து டெனே பூர்வகுடி மக்களின் டெடோன் சோ நிறுவனமும், ட்லிச்சோ பூர்வகுடி அரசின் முதலீட்டு நிறுவனமும், நூனவுட்டின் கிவல்லிக் பகுதி இனுவிட்டின் சக்கு நிறுவனமும் இப்படி வளர்ந்தவை. சுரங்கங்களுக்கு முகாம் சேவை, லாரி, கட்டுமானம், விமானம் என்று எல்லாவற்றிலும் கான்ட்ராக்ட் எடுத்தார்கள். 2021-ல் நெச்சலாச்சோ அரிய மண் சுரங்கத்தில், டெனே மக்களின் நிறுவனம் தங்கள் சொந்த மண்ணில் தாங்களே தாது தோண்டியது.

நல்ல செய்தி, அவ்வளவு நல்ல முடிவில்லை. 2023-ல் அந்தத் திட்டத்தின் தாதுப் பதப்படுத்தும் பிரிவு பணமின்றித் தடுமாறியது. கான்ட்ராக்ட் எடுக்கிறவர் சுரங்கத்தின் நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்து எடுக்கிறார். 'கூட்டு நிறுவனம்' என்ற பெயரில் தெற்கத்திக் கம்பெனி ஒன்று பூர்வகுடி நிறுவனத்தின் பெயரை மட்டும் வாசலில் மாட்டிவிட்டுத் தன் ஆட்களையே கொண்டுவருவதும் வடபுலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. லாபத்தில் ஒரு துளி ஊருக்கு வரும், திறன் வராது.

இந்த வழியின் பலம் வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது: மூடிய சுரங்கம் விட்டுச்சென்ற கழிவைத் துப்புரவு செய்வதில். யெல்லோநைஃபின் ஜயன்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடி, 2,37,000 டன் ஆர்சனிக் டிரையாக்சைடு என்ற நச்சுத் தூளை நிலத்தடியில் விட்டுச் சென்றது. அதை உறையவைத்து அடைத்து வைக்கும் வேலை பல ஆண்டு நீளும், கண்காணிப்பு முடிவே இல்லாதது. வைரச் சுரங்கங்களும் மூடப்பட்டபின் மண்ணை மீட்க ஆண்டுகள் ஆகும். கெடுத்தது ஒருவர், துடைப்பது இன்னொருவர் என்ற கசப்பு அதில் இல்லாமல் இல்லை. ஆனால் மூடிய சுரங்கங்களைச் சுற்றி நீர் மாதிரி எடுப்பவர், கனரக இயந்திரம் ஓட்டுபவர், ஆய்வகத் தொழில்நுட்பர் என்று வேலை நீண்ட காலத்துக்கு உண்டு. சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் ஊரே அதைப் பிடிக்கும்.

நிலமே நம்முடையதாக இருந்தால்

அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் வேறு வகை. நிலம் இன்யூபியாக் மக்களின் நானா மண்டல நிறுவனத்துடையது; 1971-ல் அமெரிக்க அரசு செய்த நிலத் தீர்வின் வழி வந்தது. 1982-ல் கோமின்கோவோடு ஒப்பந்தம், 1989-ல் உற்பத்தி, இப்போது நடத்துவது டெக் நிறுவனம். நிகர வருவாயில் நானாவின் பங்கு 25 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாண்டுக்கு ஐந்து சதவீதமாக ஏறி, 50-ல் நிற்கும். தங்கள் மக்களே எல்லா வேலையிலும் இருப்பார்கள் என்பது இலக்கு. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் பாதிக்குச் சற்று மேலே என்ற அளவில்தான் இருக்கிறது. அதாவது, நிலத்துக்கே சொந்தக்காரராக இருந்தும் நூறைத் தொட முடியவில்லை. கீழ்நீரோட்டத்தில் இருக்கும் கிவலினா ஊரார் வுலிக் ஆற்று நீரைப் பற்றி வழக்குப் போட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கடல்விலங்கு வேட்டை முடிகிற வரை தாதுக் கப்பல் வரக் கூடாது என்று தீர்மானிக்க மூத்தோர் குழு ஒன்று அங்கே இருப்பது, மற்ற எல்லா ஒப்பந்தங்களிலும் சேர்க்கத் தக்கது. கனடாவில் பெரும்பாலான ஊர்களுக்குத் தாதுவின் மேல் இப்படியொரு உரிமை இல்லாததால், இந்த வழியை நான் ஒப்பீட்டுக்காக மட்டுமே வைக்கிறேன்.

விமானம் எங்கே நிற்கிறது?

யாரும் பெரிதாகப் பேசாத வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வட சஸ்காச்சுவானில் 1982-ல் பீவர்லாட்ஜ் யுரேனியச் சுரங்கம் மூடப்பட்டதும் யுரேனியம் சிட்டி என்ற ஊர் ஏறக்குறைய காலியானது. அதற்குப் பின் திறந்த சுரங்கங்களுக்கென்று அங்கே யாரும் ஊர் கட்டவில்லை. பதிலாக விமானம் சிற்றூர்களுக்கே வந்து ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்பது வழக்கமான முறை. கீ லேக், மெக்ஆர்தர் ரிவர், சிகார் லேக் என்று அடுத்தடுத்த சுரங்கங்களும் மாகாண அரசோடு செய்த நிலக் குத்தகை ஒப்பந்தங்களில் வடபுலத்தாருக்கு முன்னுரிமையை ஏற்றன. பணியாளர்களில் பாதி வடபுலத்தார் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

ஊர் வாசலில் விமானம் நின்றால் தொழிலாளி எட்மன்டனுக்குக் குடிபோக வேண்டியதில்லை. சம்பளம் ஊர்க்கடையில் செலவாகிறது. வீட்டில் இருக்கும் காலத்தில் வேட்டைக்கும் மீனுக்கும் போகலாம். சம்பளம் ஸ்னோமொபைலுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும், கிடைத்த காலம் வேட்டைக்கு ஆகும். சுரங்க வேலையைப் பல குடும்பங்கள் வேட்டை வாழ்வுக்கு எதிரியாகப் பார்க்காமல் அதற்கான செலவுக்காசாகப் பார்ப்பது இதனால்தான். வேட்டைக்கு விலங்கு இருக்க வேண்டும் என்பது தனி விஷயம்: 1980-களின் நடுவில் நாலரை லட்சத்துக்கு மேல் இருந்த பாதர்ஸ்ட் காரிபு மந்தை 2018-ல் சுமார் 8,200-ஆகச் சுருங்கிவிட்டது. வைரச் சுரங்கங்கள் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மந்தையின் பாதையில்தான் அவை இருக்கின்றன என்பதையும் யாரும் மறுக்கவில்லை.

2018-ல் யுரேனிய விலை விழுந்து மெக்ஆர்தர் ரிவரும் கீ லேக்கும் நிறுத்தப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2022-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. ஊர் வாசலுக்கு விமானம் வருவது நல்ல ஏற்பாடுதான், ஆனால் கையில் முத்திரை இல்லாதவரை அது மட்டும் காப்பாற்றவில்லை.

எதை எடுப்பது?

சுரங்கத்தின் ஆயுளைப் பார்த்துத்தான் பதில். ஏழு, எட்டு ஆண்டு மட்டுமே ஓடும் சுரங்கமென்றால் (ஸ்னாப் லேக் ஓடியது அவ்வளவுதான்), அதை நம்பிப் புதுப் பழகுநர் தலைமுறையை உருவாக்க முடியாது, பாதியில் நின்றுவிடும். அங்கே ஊர் மன்றம் கான்ட்ராக்டையும், மூடிய பின்னான மீட்பு வேலைக்கு முதல் உரிமையையும், ஊரிலோ பக்கத்திலோ இருக்கும் நிலையான பயிற்சி மையத்துக்குப் பணத்தையும் கேட்கட்டும். இருபது ஆண்டு ஓடும் சுரங்கமென்றால் கணக்கு மாறும். அங்கே பழகுநர் இடங்களும், ஊர் வாசலுக்கு விமானமும் முதலிடம். சதவீதம் இருக்கட்டும், ஆனால் வேலைப்படி வாரியாகப் பிரித்து எழுதப்படட்டும்: துப்புரவில் எத்தனை, டம்பரில் எத்தனை, பட்டறையில் எத்தனை, மேற்பார்வையில் எத்தனை. எட்டாத ஆண்டுக்கு நிறுவனம் பயிற்சி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை லேசாக ஒதுக்க முடியாது. எல்லோருக்கும் எலக்ட்ரீஷியனாக ஆசை இல்லை. நான்கு ஆண்டு தெற்கே போய்வந்து படிப்பதைவிட, டம்பர் ஓட்டி மாதத்தில் பாதி நாள் பனிவெளியில் இருப்பதே ஒருவருக்கு நல்ல வாழ்க்கையாக இருக்கலாம். அது அவருடைய தேர்வு. ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது அந்தத் தேர்வு உண்மையாகவே அவர் கையில் இருக்க வேண்டும். படிக்க இடமே இல்லாத ஊரில் டம்பரை விரும்பினார் என்று சொல்வதில் பொருளில்லை.

ராங்கின் இன்லெட்டின் பழைய நிக்கல் சுரங்கத்தை நினைவில் வைத்துப் பார்க்கலாம். 1957 முதல் 1962 வரை ஓடியது. தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் இனுவிட்; நன்றாகவே வேலை செய்தார்கள். அந்த ஐந்தாண்டில் சதவீதம் ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. தாது தீர்ந்ததும் சில குடும்பங்கள் மானிட்டோபாவின் லின் லேக் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டன. பலர் பின்னர் திரும்பி வந்துவிட்டார்கள். புதிய ஒப்பந்தங்களில் சுரங்கம் மூடும் நாளுக்கான விதி என் பார்வையில் மிக அவசியம்: சுரங்கம் மூடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஒவ்வோர் உள்ளூர் ஊழியரும் எந்தத் தகுதியில் நிற்கிறார், முடிக்க என்ன பாக்கி, அதற்கு நிறுவனம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று ஆள் ஆளாக எழுதி ஊர் மன்றத்தின் முன் வைக்க வேண்டும். பழகுநர் படிப்பின் நடுவில் இருப்பவரை அது முடியும் வரை வேறு சுரங்கத்துக்கு மாற்றிக் கொடுக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையதே.